ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் வேலை: ஒரு கடலோர அரை மராத்தான் பற்றி

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு போய்விடலாம். உங்கள் பழைய நேரத்தை முறியடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள். மேட்டில் மூச்சு வாங்கினால் எரிச்சல் வராது, ஒரு காலைப்பொழுது வாட்ச்சைப் பார்க்காமல் இருக்க முடியும் என்றால் தாராளமாக வாருங்கள், இதைவிட அழகான 21 கிலோமீட்டர் கிடைப்பது கஷ்டம். என் கணக்கில் ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று பாதைக்காக இல்லை, தண்ணீர் மேசைகளை வைத்த இடத்துக்காகவும் பேசர்களுக்காகவும் (இத்தனை மணி நேரத்தில் முடிப்போம் என்று சொல்லி, மற்றவர்கள் பின்தொடர முன்னால் ஓடுகிறவர்கள்). பந்தயத்தின் பெயரைப் போடவில்லை. குறை சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். இன்னொன்று, சின்னக் கடலோர ஊர்களில் நடக்கும் மேடு பள்ள ஓட்டங்கள் பெரும்பாலும் ஒரே ஜாடையில்தான் இருக்கின்றன, நீங்கள் எதில் ஓடினாலும் இதில் பாதியாவது பொருந்தும்.

பாதை படகுத்துறையில் ஆரம்பித்துக் கடற்கரைச் சாலையில் மூன்று கிலோமீட்டர் தட்டையாகப் போகிறது. பலர் ஏமாறுவது இங்கேதான். காலைக் குளிர்ச்சி, பக்கத்தில் அலைச் சத்தம், கூட்டத்தின் உற்சாகம் எல்லாம் சேர்ந்து கால் தானாக ஓடுகிறது, வாட்ச்சும் சந்தோஷமான எண்களைக் காட்டுகிறது. அப்புறம் சாலை திரும்பி, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முதல் பாறை முனையின் மேல் ஏறுகிறது. ஏறி, ஒரு சின்ன வளைகுடாவுக்குள் இறங்கி, பாலத்தைத் தாண்டி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, கடைசியில் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் நீளமான ஏற்றம். அங்கே திரும்பி வந்த வழியே வர வேண்டும், அதாவது இறங்கிய இடமெல்லாம் இப்போது ஏற்றம். கடலோரச் சாலைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்றால், உள்நாட்டிலிருந்து வரும் ஓடைகள் கடலைச் சேரும் இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு பள்ளத்தை அறுத்து வைத்திருக்கின்றன, இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் கெட்டியான பாறை முனையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது, கரையை ஒட்டிப் போகும் சாலை இவை அத்தனையையும் குறுக்கே கடந்தாக வேண்டும். மலைச்சாலை ஓட்டம் என்றால் ஒரே ஏற்றமாக ஏறி முடித்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி உண்டு. இங்கே அது கிடையாது. ஒரு முனையின் உச்சியில் நின்று பார்த்தால் அடுத்த முனையும் அதன் மேல் எறும்பு வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும் ஆட்களும் தெரிகிறார்கள், அதுதான் மனசை உடைக்கிறது.

அமைப்பாளர்கள் தளத்தில் உயர வரைபடம் போட்டிருக்கிறார்கள், அதற்கே ஒரு பாராட்டு, நிறையப் பேர் அதைப் போடுவதில்லை, 'லேசான மேடுகள்' என்று எழுதி முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் வரைபடத்தைப் பார்க்கும்போது கோட்டின் வடிவத்தைப் பார்க்காதீர்கள், இடதுபக்க எண்களைப் பாருங்கள். செங்குத்து அளவை அமுக்கிப் போட்டால் எந்த மலையும் மணல்மேடாகத் தெரியும், இழுத்துப் போட்டால் சாதாரண மேம்பாலமும் சிகரமாகிவிடும். மொத்த ஏற்றம் 280 மீட்டர் என்று போட்டிருந்தது, அதைவிட முக்கியமான கேள்வி அது எங்கே விழுகிறது என்பது. 21 கிலோமீட்டருக்கும் பரவிக் கிடந்தால் ஒன்றுமே தெரியாது. இங்கே பெரும்பகுதி நான்கைந்து இடங்களில் குவிந்து கிடக்கிறது, அதில் கொடுமையானது திரும்பி வரும்போது 16-வது கிலோமீட்டரில் வருகிறது. போகும்போது 'அட, என்ன சுகமான இறக்கம்' என்று நினைத்த அதே இடம்தான் அது. வாட்ச்சில் காற்றழுத்தத்தை வைத்து உயரம் அளக்கும் வசதி இல்லையென்றால் அது காட்டும் உயரக் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பும் உயரம் நிறையவே தடுமாறும்.

சரி, மேடு எவ்வளவு நேரத்தைத் தின்னும்? இதற்கு ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. இத்தாலிய உடலியக்க ஆய்வாளர் ஆல்பெர்டோ மினெட்டியும் அவருடைய சகாக்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், மலை ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் வெவ்வேறு சரிவுகளில் ஓடவிட்டு ஒரு மீட்டருக்கு எவ்வளவு சக்தி செலவாகிறது என்று அளந்தார்கள். அவர்கள் கொடுத்த சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஏற்றத்தில் சமதளத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் செலவு. அதே சரிவில் இறங்கும்போது மிச்சமாவது 24 சதவீதம் போல. 10 சதவீத ஏற்றம் என்றால் கூடுதல் செலவு மூன்றில் இரண்டு பங்கு, இறக்கத்தில் திரும்பக் கிடைப்பது 40 சதவீதம்தான். அதாவது ஏற்றம் வாங்கிக்கொண்டதை இறக்கம் முழுசாகத் திருப்பித் தராது. ஆனாலும் மிதமான சரிவில் காகிதத்தில் பார்த்தால் நஷ்டம் ரொம்பக் குறைவு, அதனால்தான் சிலர் 'போய்த் திரும்பும் பாதைதானே, ஏறினது இறங்கும்போது சரியாகிவிடும்' என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் இருப்பது மூச்சு மட்டும். கால் அதில் இல்லை.

இறக்கத்தில் தொடையின் முன்பக்கத் தசை ஒவ்வொரு அடியிலும் உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. சுருங்கி வேலை செய்வது தசைக்குப் பழக்கமான காரியம், இங்கே அது நீண்டுகொண்டே பாரம் தாங்க வேண்டியிருக்கிறது, அதில்தான் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. மூச்சு வாங்காது, இதயத் துடிப்பு இறங்கியிருக்கும், 'பிரமாதமாக ஓடுகிறோம்' என்றே தோன்றும், பில் பின்னால் வரும். இந்தப் பாதையில் அது வரும் இடம் மிகத் துல்லியமாகத் தெரியும்: கலங்கரை விளக்கத்திலிருந்து பாய்ந்து இறங்கியவர்கள் எல்லோரும் அடுத்த ஏற்றத்தின் அடியில் திடீரென்று நடக்க ஆரம்பித்தார்கள், மூச்சு இருக்கிறது, தொடை கேட்கவில்லை. மறுநாள் எழும்போது தொடங்கும் வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், படியில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டமாக இருக்கும், காரணம் இதுதான். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்தை ஓடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் இரண்டு நகரங்களுக்கு நடுவே ஒரு தடவை ஏறுமுகமாகவும் இன்னொரு தடவை இறங்குமுகமாகவும் நடத்துகிறார்கள், இறங்குமுக ஓட்டம்தான் கால்களை அதிகமாகப் பதம் பார்க்கிறது என்று சொல்பவர்கள் நிறைய.

நல்ல செய்தி என்னவென்றால் இதற்குத் தயாராவது சுலபம். மேட்டில் ஏறிப் பயிற்சி செய்கிறவர்கள் பலர் நடந்து இறங்கிவிட்டு மறுபடி ஏறுவார்கள், அதைத் திருப்பிப் போடுங்கள். ஒரு தடவை கொஞ்சம் இறக்கத்தில் ஓடி வலி வாங்கிக்கொண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்தோடு செய்கிறது, இது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம். பந்தயத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு வரை இப்படிச் சில இறக்கங்கள் போதும், கடைசி வாரத்தில் வேண்டாம். ஓடும்போது அடியைச் சின்னதாக, அடிக்கடி வையுங்கள். குதிகாலை முன்னால் நீட்டி பிரேக் போடாதீர்கள், பின்னால் சாயாதீர்கள், அவ்வளவுதான் நுட்பம்.

இப்போது என் முதல் புகார். பேசர்கள் வைத்திருந்தார்கள், இரண்டு மணி, இரண்டே கால், இரண்டரை என்று கொடி கட்டிக்கொண்டு, நல்ல விஷயம். ஆனால் அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை, ஒவ்வொரு கிலோமீட்டரையும் ஒரே நேரத்தில் முடிப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டு ஏற்றத்திலும் அதே வேகத்தில் இழுத்தார்கள். தட்டையான பாதையில் அதுதான் சரி. இங்கே அது பின்னால் வருகிறவர்களைக் கொல்லும் வேலை. இரண்டே கால் மணிக் கொடிக்குப் பின்னால் முதல் ஏற்றத்தில் ஒரு பெருங்கூட்டம் போனது, திரும்பும் இடத்தில் எதிரே பார்த்தால் கொடியும் அதைச் சுற்றி விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரும்தான் இருந்தார்கள். மேடு பள்ளப் பாதையில் பேசர் முயற்சியைச் சீராக வைக்க வேண்டும், ஏற்றத்தில் நேரத்தை விட்டுக்கொடுத்து இறக்கத்திலும் தட்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுக்க வேண்டும். அது தெரியாதென்றால் கொடியே வேண்டாம். நீங்கள் ஓடுவதாக இருந்தால் கொடியைப் பார்க்காதீர்கள், உங்கள் மூச்சைப் பாருங்கள். ஏறும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அந்த வேகம் போதும். செங்குத்தான இடத்தில் வேகமாக நடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பக்கத்தில் திணறித் திணறி ஓடுகிறவருக்கும் உங்களுக்கும் பத்தடி வித்தியாசம்கூட வராது, உச்சியில் நீங்கள் தெம்பாக இருப்பீர்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் கடலோர ஓட்டத்தை எழுத முடியாது. பள்ளிக்கூடத்தில் படித்த நிலக்காற்று, கடற்காற்றுதான். வெயில் ஏற ஏறத் தரை கடலைவிட வேகமாகச் சூடாகிறது, அந்தச் சூட்டில் காற்று மேலே எழும்புகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடல் பக்கமிருந்து காற்று வருகிறது. அதனால் விடியற்காலையில் அமைதியாக இருக்கிற பாதை காலை ஏற ஏற வேறு பாதையாகிவிடும், வேகமாக ஓடி முடிப்பவர்களுக்கு ஒரு வானிலை, மெதுவாக வருகிறவர்களுக்கு இன்னொரு வானிலை. பாதி தூரம் எதிர்க்காற்று, பாதி தூரம் பின்காற்று என்றால் சமமாகிவிடும் என்று நினைப்பதும் தப்பு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. நீங்கள் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஓடுகிறீர்கள், எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்றால் உடம்பின் மேல் படுவது 30, தடை காற்றில்லாத நாளைவிட ஒன்பது மடங்கு. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் தள்ளுவது அந்தச் சாதாரண நாளின் தடை அளவுக்குத்தான். சாதாரண நாளோடு ஒப்பிட்டால் கொடுத்தது கூடுதலாக எட்டுப் பங்கு, திரும்ப வந்தது இரண்டு: இருந்த தடை போனது ஒன்று, தள்ளல் ஒன்று. அதனால் எதிர்க்காற்றில் தனியாக ஓடாதீர்கள், உங்களைவிடக் கொஞ்சம் அகலமான ஒருவருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள், முறை வைத்து நீங்களும் கொஞ்ச நேரம் முன்னால் போங்கள், மரியாதைக்கு. முனைகளின் மேல்தான் காற்று அதிகம், வளைகுடாவுக்குள் இறங்கினால் சுத்தமாக நின்றுவிடும், அங்கே ஈரப்பதத்தில் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும், ஐந்தே நிமிடத்தில் குளிரும் புழுக்கமும் மாறி மாறி வரும். தொப்பி போட்டால் இறுக்கமாகப் போடுங்கள், கடல் ஏற்கெனவே சிலருடையதை வாங்கிக்கொண்டது. உப்புக் காற்றும் ஈரத் துணியும் சேர்ந்தால் தோல் உரசிப் புண்ணாகும், அக்குளிலும் தொடையிடுக்கிலும் வாசலைன் தடவாமல் கிளம்பாதீர்கள்.

தண்ணீர். இரண்டாவது புகார் இதுதான், ரொம்ப எளிதாகச் சரிசெய்யக்கூடியது என்பதால் கோபமும் கொஞ்சம் அதிகம். மேசைகள் எல்லாம் இறக்கத்தின் அடியில் வைக்கப்பட்டிருந்தன. வண்டி நிறுத்தத் தட்டையான இடம் அங்கேதான் இருக்கிறது, புரிகிறது. ஆனால் இறக்கத்தின் அடியில்தான் எல்லோரும் நிறுத்த முடியாத வேகத்தில் வருகிறார்கள், ஒருவர் டம்ளருக்காகத் திரும்ப, பின்னால் வந்தவர் அவர் மேல் மோத, ஈரத் தரையில் கால் வழுக்க என்று ஒரே அமர்க்களம், குடித்த கையோடு உடனே அடுத்த ஏற்றம் வேறு. மேசையை உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தால் பாதிப் பேர் அங்கே நடந்துகொண்டுதான் இருப்பார்கள், சிந்தாமல் குடிக்கலாம். காகித டம்ளர்கள் காற்றில் பறந்து நேராகக் கடலுக்குப் போயின. பாட்டிலோ மடிக்கிற டம்ளரோ கையோடு கொண்டுவரச் சொல்லி நடத்துகிற ஓட்டங்கள் எவ்வளவோ இருக்கின்றன, கடலை ஒட்டி ஓடுகிற இடத்தில் அதை விதியாகவே வைக்கலாம்.

குடிப்பது பற்றி இன்னொரு வார்த்தை. ஒவ்வொரு மேசையிலும் கட்டாயமாகக் குடிக்க வேண்டும் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அது பழைய அறிவுரை. 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களின் ரத்தத்தைச் சோதித்து 2005-ல் வெளிவந்த ஆய்வில், சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, குறைந்திருந்தது, ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கு, அதாவது இழந்ததைவிட அதிகம் குடித்தவர்களுக்கு, அந்த ஆபத்து கூடுதல். தாகம் எடுத்தால் குடியுங்கள், போதும். மெதுவாக ஓடி அதிக நேரம் பாதையில் இருப்பவர்களுக்குத்தான் இது முக்கியம்.

முடிவுக் கோட்டில் ஒரு பெருங்கூட்டம் 'பாதை நீளம், என் வாட்ச் 21.4 காட்டுகிறது' என்று வாலண்டியர்களிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. அரை மராத்தான் 21.0975 கிலோமீட்டர். பாதையை முறைப்படி அளப்பவர்கள் அளவு திருத்திய சைக்கிளில், சக்கரம் சுற்றுவதை எண்ணும் கருவியை மாட்டிக்கொண்டு, வளைவுகளின் உட்பக்கத்தை ஒட்டி ஓட்டி அளக்கிறார்கள், பாதை தப்பித்தவறிக்கூடக் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்த்தும் வைக்கிறார்கள். நாம் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை, ஆட்களைச் சுற்றிக்கொண்டும் தண்ணீர் மேசைக்கு விலகியும் ஓடுகிறோம், போதாததற்குக் குன்றின் அடியில் ஜிபிஎஸ் எங்கேயோ கடலுக்குள் நீந்திக்கொண்டிருந்தது என் வரைபடத்தில். வளைவுகள் நிறைந்த கடலோரச் சாலையில் வெளிப்பக்கமாகவே ஓடினால் கூடுதல் தூரம் நிஜமாகவே காலில் விழும்.

இந்த மாதிரிப் பாதையின் நேரத்தை வேறு ஓட்டத்தோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை என்பதற்கு ஒரு பிரபலமான சாட்சி உண்டு. 2011 பாஸ்டன் மராத்தானில் கென்ய ஓட்டக்காரர் ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் முடித்தார், அப்போதைய உலக சாதனையைவிட ஏறக்குறைய ஒரு நிமிடம் வேகம், ஆனால் அது உலக சாதனையாகக் கணக்கில் வரவில்லை. அன்று நல்ல பின்காற்று. விதிப்படி தொடக்கமும் முடிவும் ஓட்ட தூரத்தில் பாதிக்கு மேல் விலகியிருக்கக் கூடாது, மொத்த இறக்கமும் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது, பாஸ்டன் பாதை இரண்டிலும் அடங்காது. அவ்வளவு பெரிய ஆளுக்கே பாதையையும் காற்றையும் பார்த்துத்தான் கணக்கு. நமக்கென்ன!

ஷூ விஷயத்தில் ஒரே கருத்துதான் எனக்கு: கார்பன் தகடு போட்ட உயரமான அடிப்பகுதி ஷூவை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வளைந்து இறங்கும் சாலையில், அதுவும் மழைநீர் வடிய ஒரு பக்கம் சாய்த்துப் போட்ட சாலையில், கணுக்கால் ஆடிக்கொண்டே இருக்கும். முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிற சாதாரணப் பயிற்சி ஷூ போதும். லேஸை மேல் ஓட்டைகள் இரண்டிலும் சேர்த்துக் கோத்து குதிகால் நகராதபடி கட்டுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் கால் முன்னால் சரிந்து விரல் நகம் கறுத்துவிடும்.

அமைப்பு பொதுவாக நன்றாகவே இருந்தது. பையை வைக்கும் இடத்தில் வரிசை வேகமாக நகர்ந்தது, நேரத்தைப் பதியும் சிப் ஒழுங்காக வேலை செய்தது, முடிவுகள் அன்றைக்கே வந்துவிட்டன, ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் துப்பாக்கிச் சத்தத்திலிருந்து ஒரு நேரமும் நாம் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து ஒரு நேரமும் தனித்தனியாக. கழிப்பறை போதவில்லை, எங்கேதான் போதுகிறது. கட்-ஆஃப், அதாவது ஓடி முடிக்கத் தரும் அதிகபட்ச நேரம், மூன்றரை மணி நேரம், கடைசியாக வந்தவருக்கும் மெடலும் கைதட்டலும் இருந்தது, வண்டியைக் கொண்டுவந்து ஆளை ஏற்றும் அநியாயம் இல்லை. ஆனால் ஆம்புலன்ஸ் முடிவுக் கோட்டின் பக்கத்தில் நின்றது சரியில்லை. ஊருக்கு இருப்பது ஒரே சாலை, அதில் முழுக்க ஓட்டக்காரர்கள், கலங்கரை விளக்கத்தின் பக்கம் யாராவது விழுந்தால் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? திரும்பும் இடத்தில் இன்னொன்று நிற்க வேண்டும். கடைசி 200 மீட்டரைப் புகைப்படத்துக்காக மணலில் ஓட வைத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை, களைத்த கெண்டைக்காலுக்கு மணல் என்றால் தசைப்பிடிப்புக்கு அழைப்பு அனுப்புவதுதான், என் கண்ணெதிரே சிலர் கோட்டைத் தொடும் தூரத்தில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வருவதென்றால் பதிவு செய்வதற்கு முன்னால் தங்க இடம் பாருங்கள். இது மாதிரி ஊர்களில் அறைகள் கொஞ்சம்தான், பிப் நம்பர் (மார்பில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண்) கிடைத்துவிடும், படுக்கை கிடைக்காது. விடியற்காலையில் சாலையை மூடிவிடுவதால் பக்கத்து ஊரில் தங்கி வண்டியில் வரலாம் என்ற யோசனையும் நடக்காது. தரைத்தளமாகக் கேட்டு வாங்குங்கள், காரணம் மேலேயே சொல்லியிருக்கிறேன்.